குஞ்சுக்கு நீரில் கண்டம், பறவைக்கு வானில் கண்டம்

முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள் ஆவதற்குள் மல்லார்ட் வாத்துக் குஞ்சு நடந்தாக வேண்டும். கூடு இருப்பது புல்வெளியில். குட்டையோ பல நூறு மீட்டர் தள்ளி. முப்பது கிராமுக்குச் சற்றே கூடுதலான அந்த உயிர், தாயின் பின்னால் புல்லுக்குள் புகுந்து ஓடுகிறது.

கனடாவின் சஸ்காட்செவன், மானிடோபா மாகாணங்கள் தொடங்கி அமெரிக்காவின் டகோட்டா, அயோவா வரை, பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற பள்ளங்கள் லட்சக்கணக்கில் குட்டைகளாகக் கிடக்கின்றன. வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு பிறப்பது இங்கேதான். குஞ்சு பறக்க 50 முதல் 60 நாட்கள் ஆகும். அதற்குள் பாதிக்கு மேல் மடிவது இங்கே சாதாரணம்.

முதல் இரண்டு வாரம்தான் மிகக் கொடியது. அடியிலிருந்து பைக் மீன், கரையிலிருந்து மிங்க் என்னும் கீரி போன்ற விலங்கு, மேலிருந்து கடற்காக்கை. இவற்றுக்கு இணையாக நான் அஞ்சுவது குளிர்மழைக்கு. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு இன்னும் வந்திருக்காது. தூவி நனைந்தால் தாயின் சிறகடியே கதி. அங்கே ஒடுங்கியிருக்கும் நேரமெல்லாம் பட்டினி. குளிர் நாளில் நீர்ப்பூச்சிகளும் குறைவாகவே வெளிவரும். வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதமோ அந்தப் பூச்சிகளில்தான் இருக்கிறது. கோடை முற்றிக் குட்டை வற்றினால், அடுத்த நீரைத் தேடி மறுபடி நடை. பருவத்தின் தொடக்கத்தில் பொரித்த குஞ்சுகள் அதிகம் பிழைப்பதற்கு இவையும் காரணம்.

இந்தக் கணக்கெல்லாம் தாய்க்கும் குஞ்சுக்கும் பொருத்திய ரேடியோ கருவிகளால் கிடைத்தது. பறக்கத் தொடங்கிய பறவையைக் காலில் மாட்டிய வளையத்தைக் கொண்டு பின்தொடர்கிறார்கள்; வளையங்களில் பல வேட்டைக்காரர்களிடமிருந்து திரும்பி வருகின்றன. மிங்க்கிடமிருந்து தப்பிய பறவைக்கு இலையுதிர்காலத்தில் துப்பாக்கி காத்திருக்கிறது. முதல் ஆண்டுப் பறவைகளே எளிதில் சுடப்படுகின்றன. வேட்டையில் சிதறிய ஈயக் குண்டுகளைக் கூழாங்கல்லோடு விழுங்கியும் வாத்துகள் செத்தன. அமெரிக்கா 1991-இலும் கனடா 1999-இலும் நீர்ப்பறவை வேட்டைக்கு அந்தக் குண்டுகளைத் தடைசெய்தன.

பறந்தபின் வரும் சாவைச் சட்டத்தால் ஓரளவு குறைக்கலாம். 1955 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் விமானத்திலிருந்து வாத்துகளை எண்ணுகிறார்கள். வேட்டை வரம்பு அதைப் பார்த்தே முடிவாகிறது. பறப்பதற்கு முந்தைய சாவுக்கு அப்படியொரு வரம்பு போட முடியாது. அங்கே செய்யக்கூடியது சின்னக் குட்டைகளைத் தூர்க்காமல் விடுவதுதான். வயலுக்காக வடிகால் வெட்டி ஒரு குட்டையை வற்றவைத்தால், ஒரு நாள் வயதுக் குஞ்சின் நடை அந்த அளவுக்கு நீள்கிறது. 1780-களுக்கும் 1980-களுக்கும் இடையில் வடக்கு டகோட்டா தன் ஈரநிலங்களில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. அயோவா, பத்தில் ஒன்பது பங்கை.