உலையும் மெட்டும்: பரட்டை அண்ணனை நினைத்து



இந்த நினைவு உரைக்கான துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்த அன்று, அதை வாங்கிப் படித்த ஒரு கல்லூரி மாணவர் எங்களிடம் கேட்டார்: "பரட்டைன்னா பதினாறு வயதினிலே படத்துல ரஜினிதானே?" எல்லோரும் சிரித்தோம். பிறகு சங்கடமாகவும் இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் மதுரை அரசரடிக்கு. அங்கே இருந்துகொண்டு நம் தாய்மார்களின் பேச்சில் நம் மெட்டில் பாட்டுக் கட்டிய ஒருவரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த உரைக்குக் காரணம் அதுதான்.

ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு 1940இல் பிறந்தார், 2005இல் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபையின் போதகர். தலித். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ் லூத்தரன் சபைகளும் சேர்ந்து 1969இல் உருவாக்கிய கல்லூரி அது. எண்ணெய் காணாத தலையை ஏளனமாகச் சொல்லும் சொல் பரட்டை. அதையே அவர் தன் பெயராக்கிக்கொண்டார். மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். போதகரை 'ஐயர்' என்று கூப்பிட்டுப் பழகிய சபைகளிலிருந்து வந்த பையன்கள் தங்கள் ஆசிரியரை 'அண்ணே' என்று கூப்பிட்டார்கள் என்பதை வெளியே இருக்கிற தோழர்கள் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

அவர் செய்த காரியம் என்ன என்று புரிய வேண்டுமானால், அவருக்கு முன்னால் பாட்டுச் சேகரித்த இரண்டு மிஷனரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் நம் மதுரைச் சீமையில் இருந்தவர். இன்னொருவர் ஆப்பிரிக்காவில் இருந்தவர்.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சேரிகளுக்குச் சீர்திருத்த சபையின் வேதம் வந்த வழி அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அவர்களுக்கு அந்த நூற்றாண்டின் நடுவிலேயே மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அந்த மிஷனைப் பற்றி நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1840களின் பிற்பகுதியில், தங்களிடம் வேலை செய்த உபதேசியார்களும் செமினரி மாணவர்களும் சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவர்கள் கறாராகச் சொன்னார்கள். மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள், படிப்பை விட்டுப் போனார்கள். அம்பேத்கர் பிறப்பதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்னால், சோற்றுப் பந்திதான் சாதிக்குச் சரியான பரீட்சை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே மிஷனைச் சேர்ந்தவர் எட்வர்ட் வெப். வெள்ளைக்காரர்களின் ஞானப்பாட்டு மெட்டு நம் ஜனங்களின் வாயில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தார். தமிழ் ராகத்தில் பாட்டு வேண்டும் என்று தேடித் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியாரிடம் போனார். 1853இல் வெப் வெளியிட்ட கீர்த்தனைப் புத்தகத்தில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. இன்றைக்கும் நம் கோயில்களில் பாமாலை ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று பாடுகிறோமே, அதில் கீர்த்தனைப் பக்கத்துக்கு அடித்தளம் போட்ட புத்தகம் அதுதான்.

சாஸ்திரியார் (1774–1864) சாதாரண ஆள் இல்லை. லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை. தஞ்சை அரண்மனையின் ஆதரவு பெற்ற புலவர். வேளாளர். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் திருவிருந்தில் சாதி வரிசை கூடாது என்றார்கள்; தமிழ்க் கீர்த்தனையும் தமிழ் வாத்தியங்களும் கோயிலில் வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் எதிர்த்து எழுதினார் சாஸ்திரியார். தமிழ் இசைக்காக அவர் போட்ட சண்டையும் சாதி வழக்கத்துக்காக அவர் போட்ட சண்டையும் அவருக்கு ஒரே சண்டை. முதலாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சண்டை இல்லாவிட்டால் நம் பாட்டிமார் ஜெர்மன் மெட்டில் மட்டும் முக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆனால் விளைவைப் பாருங்கள். பந்தியில் சாதியை உடைத்த மிஷன், தன் சபைக்கான பாட்டைச் சாதியைக் காத்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. வெப்புக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. 'தமிழ் இசை எங்கே இருக்கிறது?' என்று கேட்டிருப்பார். எல்லோரும் தஞ்சாவூரைக் கைகாட்டியிருப்பார்கள். மிளகாய்த் தோட்டத்தில் பழம் பொறுக்குகிற பெண்களிடம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். ஹோவர்ட் ஓல்சன் (1922–2010) அமெரிக்க லூத்தரன் மிஷனரி. அன்றைய தாங்கனிக்காவுக்கு, இன்றைய தான்சானியாவுக்கு, 1940களில் போனவர். அருஷா நகரத்துக்குப் பக்கத்தில் மகுமிராவில் இருந்த லூத்தரன் இறையியல் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தினார். தரங்கம்பாடியில் வேலை செய்த அதே லைப்சிக் மிஷன்தான் அங்கே கிளிமஞ்சாரோ மலைப்பக்கத்திலும் வேலை செய்தது. சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லத்தான் போகும் என்று இங்கே வாதாடிய கார்ல் கிரவுலின் மிஷன் அது. இங்கே போலவே அங்கேயும் ஜெர்மன் மெட்டுகள் போய்ச் சேர்ந்தன. கோயிலுக்குள் சுவாஹிலி வார்த்தைக்கு ஐரோப்பிய மெட்டு. கல்யாணத்திலும் அறுவடையிலும் அடித்த முரசுக்குப் பல இடங்களில் கோயில் வாசலோடு சரி.

ஓல்சன் மொழி படித்தவர். ரிமி என்கிற ஆப்பிரிக்க மொழியின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அந்த மாதிரி மொழிகளில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்தே சொல்லின் பொருள் மாறும். மொழியின் ஏற்ற இறக்கம் தெரிந்தவருக்கு, வெளியூர் மெட்டு பேச்சை எப்படி நசுக்குகிறது என்பது காதில் விழாமல் போகாது. பல இனங்களிலிருந்து வந்த மாணவர்களிடம் அவரவர் ஊர் மெட்டைக் கேட்டு வாங்கினார். அந்த மெட்டுகளில் அமைந்த பாட்டுகளைத் 'தும்ஷங்கிலியே முங்கு' என்ற தொகுப்பாக வெளியிட்டார். 'கடவுளை ஆர்ப்பரித்துப் பாடுவோம்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மகுமிராவில் படித்த பெர்னார்ட் கியாமன்யுவா என்ற தான்சானியர் எழுதிய உயிர்ப்புத் திருநாள் பாட்டு, ஓல்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இன்று பல நாட்டுச் சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. எழுதியவர் பெயரோடு இருக்கிறது. ஒரு சேகரிப்பாளரை எடைபோட நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓல்சன் 'உன் ஊர் மெட்டு என்ன?' என்று கேட்டால், மசாய்ப் பையன் தன் இனத்தார் எல்லோருக்கும் சொந்தமான ஒரு மெட்டைப் பெருமையாகப் பாடிவிடலாம். அதே கேள்வியைத் திருச்சுழியில் கேட்டால்? எந்தத் தெரு மெட்டு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கீர்த்தனையும் தமிழ், கும்மியும் தமிழ், ஒப்பாரியும் தமிழ். ஆனால் ஒன்று 'சங்கீதம்', மற்றது 'சத்தம்'. சபைகள் 'இந்தியமயமாக்கம்' என்று பேசிய காலமெல்லாம் எந்த இந்தியா என்று கேட்காமலே கர்நாடக சங்கீதத்தை எடுத்துக்கொண்டன.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பரட்டை அண்ணன். 1986இல் 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' என்ற ஆங்கிலப் புத்தகம் எழுதினார். நாட்டார் வழக்காறு அருங்காட்சியகத்தில் வைக்கிற பொருள் இல்லை, அதற்குள்ளே எதிர்ப்பு இருக்கிறது, அதை வைத்து மாற்றத்துக்கு வேலை செய்யலாம் என்பது அவருடைய வாதம். நாட்டுப்புறப் பாட்டில் அவருக்குப் பிடித்தது அதன் அழகைவிட அதன் ஜனநாயகம். ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்கிற அமைப்பு. பயிற்சி இல்லாத தொண்டைக்கும் எட்டுகிற சுரம். எழுதப் படிக்கத் தெரியாதவளும் முதல் தடவை கேட்டு இரண்டாம் தடவை சேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் தடவை ஒரு வரியை மாற்றியும் பாடலாம். மாற்றிப் பாடினால் அவருக்குக் கோபம் வராது. பாட்டு அப்போதுதான் ஜனங்களுடையதாகிறது என்பது அவர் கட்சி.

அவருடைய 'கிராமிய இசை வழிபாடு' ஆராதனை முறை முழுவதையுமே நாட்டுப்புற மெட்டில் அமைத்தது. மொழி நம் வீட்டுப் பேச்சு. பரமண்டல ஜெபத்தை அவர் பாட்டாக்கியபோது 'பிதாவே' என்பதை விட்டுவிட்டு, அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துக் குறிக்கிற 'பெத்தவரே' என்ற சொல்லைப் போட்டார். கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கிற பெண்கள் நிறைந்த சபையில் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

அவருடைய இறையியலின் நடுவில் இருப்பது 'ஒரு உலை'. எல்லோருக்கும் ஒரே பானையில் கொதிக்கிற சோறு. பங்காளிகள் பிரிந்தால் 'உலை வேறயாப் போச்சு' என்போம். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டார். கடவுளின் குடும்பம் என்றால் உலை ஒன்றாக இருக்க வேண்டும். அப்பம் கேட்டு ஜெபிப்பது தனித்தனி வீட்டுக்காக இல்லை, அந்தப் பொது உலைக்காக. சபையில் நம் பெண்கள் அன்றாடம் உலைக்கு முன்னால் எடுத்து வைக்கிற பிடி அரிசிக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது. 1840களில் அமெரிக்கர்கள் சட்டம் போட்டுச் செய்யப் பார்த்த சமபந்தியை அவர் பாட்டுக்குள் கொண்டுவந்தார். வெப் காலத்தில் பிரிந்துபோன உலையும் மெட்டும் ஒருவரிடம் சேர்ந்தது இங்கேதான்.

அவருடைய பாட்டுகள் ஒலிநாடாவிலும், அதைவிட அதிகமாக அவருடைய மாணவர்களின் வாயிலும் ஊர் ஊராகப் போயின. அவரைப் பற்றி ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, எங்களுக்கு நேர்ந்த ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரிசல்காட்டில் ஒரு சேரிக் கோயிலுக்குப் பறையோடு போனோம். வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சபைப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"என்னய்யா இது?"

"ஐயா, ஆராதனைல அடிக்க. இது நம்ம வாத்தியம்தானே?" என்றோம்.

அவர் கோபப்படவில்லை. "எங்கய்யா இதை அடிச்சு அடிச்சே கை காச்சுப்போனவரு. எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் வந்து கூப்பிடுவாக. சொமந்துக்கிட்டுப் போயி நிக்கணும். இதைக் கீழ வைக்கிறதுக்குத்தான் தம்பி நாங்க வேதத்துக்கு வந்தோம். நீங்க படிச்ச புள்ளைக, மறுபடி தூக்கிட்டு வந்திருக்கீக."

அன்று நாங்கள் அடிக்கவில்லை.

பறையை விடுதலையின் இசை என்று மேடையில் சொல்வது எளிது. பரட்டை அண்ணன் சொன்னார், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதை ஆடிக் காட்டினார்கள், அரசரடியின் தலித் ஆதார மையம் விழாவாக எடுத்தது. பறையைத் தொட மாட்டோம் என்று எத்தனையோ ஊர்களில் நம் ஆட்கள் அடி வாங்கி நின்றதும் விடுதலைதான். அடிக்க மறுத்த தகப்பனும் அடிக்கக் கற்றுக்கொள்கிற மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஓல்சனின் மகுமிராவில் இந்தச் சிக்கல் இந்த உருவத்தில் இல்லை; முரசை வாசலில் நிறுத்தியவன் வெளியிலிருந்து வந்தவன். இங்கே அதைச் சாதி நம் கையில் திணித்தது, பிறகு அதைக் காட்டியே இழிவும் பேசியது. அண்ணன் இன்று இருந்தால் அந்தப் பெரியவரிடம் வாதாடியிருப்பார் என்று எங்களில் சிலர் சொல்கிறோம். அவர் வீட்டில் போய்க் கஞ்சி குடித்திருப்பார் என்று மற்றவர்கள் சொல்கிறோம்.

பறையைத் தூக்கிப் போகவில்லையே தவிர, அந்த ஊருக்குப் போவதை நாங்கள் விடவில்லை. அங்கே பருத்தி எடுக்கப் போகிற ஒரு பாட்டி, போனில் பதிவு செய்ய அனுமதித்துத் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார். கோயிலில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டால் கீர்த்தனை பாடுவாராம். "அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும்" என்றார். ஒப்பாரியைக் கோயிலில் பாடியது உண்டா என்றதற்குச் சிரித்தார். "ஆண்டவரு செத்த அன்னைக்காவது பாடியிருக்கலாமே" என்றார். பெரிய வெள்ளிக்கிழமையைச் சொன்னார் என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

கிளம்பும்போது அவர்தான் கேட்டார்: "பொஸ்தகத்துல யாரு பேரு போடுவீக?"

அந்த மெட்டு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது, நடுவில் உள்ள நாலு வரி அவர் தம்பி இறந்தபோது அவராகச் சேர்த்தது. இரண்டையும் அப்படியே நோட்டில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த பெரிய வெள்ளிக்கு அதைக் கோயிலில் பாடலாமா என்று சபையில் இப்போது பேச்சு நடக்கிறது. அந்தப் பெரியவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.