சொன்ன நிலையில் நிற்கும் கணிப்பொறி

ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். முப்பது கணிப்பொறிகள். எல்லாம் லினக்ஸ் என்னும் இயக்க முறையில் நடப்பவை. அங்கே ஒரு முறை செய்முறைத் தேர்வு நடந்தது. மாலை 4 மணிக்கு முடிய வேண்டிய தேர்வில், ஒரு மாணவி ஒப்படைத்த விடைக் கோப்பில் 4 மணி 4 நிமிடம் என்று நேரம் பதிந்திருந்தது. நேரம் கடந்த பின்னும் எழுதினாள் என்று அவள்மீது குற்றம் வந்தது. மணி அடிக்கும் முன்பே தான் எழுந்துவிட்டதாக அவள் கண் கலங்கச் சொன்னாள். விசாரித்துப் பார்த்ததில் அவள் சொன்னதே மெய். அந்தக் கணிப்பொறியின் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்த நேரத்தை மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்ததனால் அவள் தப்பினாள். இல்லாவிடில் என்னுடைய கவனக்குறைவு அவளுடைய மதிப்பெண்ணைத் தின்றிருக்கும்.

முப்பது கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டும்படி செய்வது அரிய காரியம் அன்று. குரோனி என்று ஒரு நிரல் உண்டு. இணையத்தின் வழியே நம்பத்தக்க கடிகாரம் ஒன்றைக் கேட்டு, தன் கணிப்பொறியின் கடிகாரத்தைச் சிறுகச் சிறுகச் சரிசெய்துகொண்டே இருப்பது அதன் தொழில். எந்தக் கடிகாரத்தைக் கேட்க வேண்டும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கவேண்டும். நம் நாட்டின் நேரத்தைப் பேணுகின்ற புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கடிகாரத்தையும் கேட்கலாம். கல்லூரிக்குள்ளேயே ஒரு காலக் கணிப்பொறி இருந்தால் அதையும் கேட்கலாம். எங்கள் கூடத்தில் சில கணிப்பொறிகளில் குரோனி நின்று போயிருந்தது. அதுதான் கோளாறு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு எழுதினேன். 'பழைய அமைப்புக் கோப்புக்குப் பழையது என்று பெயரிட்டு ஒதுக்கி வை. புதிய கோப்பை அதன் இடத்தில் போடு. குரோனியை ஓட்டு.' இவ்வளவுதான். ஒவ்வொரு கணிப்பொறியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பாதி வேலையில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது எதுவரை முடித்தேன் என்பது நினைவில் இல்லை. ஆகவே முதலிலிருந்து எல்லாவற்றிலும் மறுபடி ஓட்டினேன். அதன் பிறகே, புதிய கோப்பில் கடிகாரத்தின் முகவரியை ஓர் எழுத்துப் பிழையோடு எழுதியிருப்பதைக் கண்டேன். போகட்டும், பழையதை மீட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் 'பழையது' கோப்பைத் திறந்தால், அதற்குள்ளும் அதே பிழை! இரண்டாம் முறை ஓட்டியபோது, முதல் முறை போட்ட புதிய கோப்பே 'பழையது' ஆகி, உண்மையான பழையதை அழித்துவிட்டது. எனக்கு முன் இருந்தவர் கல்லூரியின் உள் கடிகாரத்தின் முகவரியை அந்தக் கோப்பில் மட்டுந்தான் எழுதி வைத்திருந்தார். அதை மீண்டும் தேடிப்பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

தவறு எங்கே இருந்தது? எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை. அது யாருக்கும் நேர்வது. நான் கணிப்பொறிக்குச் செயல்களைச் சொன்னேன். அடைய வேண்டிய நிலையைச் சொல்லவில்லை. 'தொட்டியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்று' என்று ஒருவனிடம் இருமுறை சொன்னால் தொட்டி வழிந்துவிடும். 'தொட்டி நிரம்பியிருக்கட்டும்' என்று நூறு முறை சொன்னாலும் கேடில்லை. நிரம்பியிருந்தால் அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விடுவான். இப்படி எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்ததன் விளைவே நிற்கும் தன்மைக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் 1870-இல் அதை 'ஐடெம்பொடென்ட்' என்று அழைத்தார். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றே வருகிறதல்லவா? அது போன்ற தன்மை. நாம் இதை 'மாறா விளைவு' என்று வைத்துக்கொள்வோம்.

கணிப்பொறிகளைப் பராமரிக்கும் தொழிலுக்குள் இந்தக் கருத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மார்க் பர்ஜஸ். பௌதிகம் பயின்ற இவர், 1993-இல் நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சி.எஃப்.எஞ்சின் என்னும் நிரலை எழுதினார். கணிப்பொறி இருக்க வேண்டிய நிலையை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், நிரல் அந்நிலையோடு உள்ள நிலையை ஒப்பிட்டு, வேறுபாடு கண்ட இடத்தை மட்டும் திருத்தும். உடல் தன் நோயைத் தானே ஆற்றிக்கொள்வது போலக் கணிப்பொறியும் ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று 1998-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். அந்த வழியில் பழகி வந்த லூக் கானிஸ் என்பவர் 2005-இல் 'பப்பெட்' என்ற கருவியை வெளியிட்டார். பப்பெட் என்றால் நம் பாவைக்கூத்துப் பாவைதான். கயிற்றை ஒருவர் பிடித்திருக்கப் பாவைகள் பல ஆடுவது போல, ஒரு தலைமைக் கணிப்பொறி ஆணையிட ஏனையவை இயங்குவது அதன் வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு கணிப்பொறியும், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அரைமணிக்கு ஒரு முறை தலைமையிடம் போய், 'நான் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்கும்.

எங்கள் கூடத்துக்குத் தலைமைக் கணிப்பொறி கிடையாது. ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்கும் துணிவும் எனக்கில்லை. அப்போதுதான் 'பப்பெட் அப்ளை' என்னும் ஆணை எனக்குத் தெரியவந்தது. இதில் கயிறு பிடிப்பவரும் பாவையும் ஒருவரே. கட்டளை வரியில் அந்த இரண்டு சொற்களையும் தட்டி, நிலையை எழுதிய கோப்பின் பெயரையும் தட்டினால் போதும். தலைமை செய்யும் வேலையையும் அந்தக் கணிப்பொறியே செய்துகொள்ளும். இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும், கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவற்றைச் செய்யும்.

நிலையை எழுதிய அந்தக் கோப்புக்கு 'மானிஃபெஸ்ட்' என்று பெயர். என்னுடைய மானிஃபெஸ்டில் மூன்றே உறுப்புகள். குரோனி என்னும் நிரற்பொதி நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. அதன் அமைப்புக் கோப்பில் இன்ன வரிகள் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. குரோனிச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கணிப்பொறி துவங்கும்போதெல்லாம் தானும் துவங்க வேண்டும் என்பது மூன்றாவது. எங்கேயும் 'செய்' என்ற சொல் இல்லை, 'இருக்க' என்ற சொல்லே உண்டு என்பதைக் கவனியுங்கள். உறுப்புகளுக்குள் உறவும் எழுதலாம். பொதி இல்லாமல் கோப்பு வைப்பது வீண் என்பதால், கோப்பு பொதியை வேண்டி நிற்கிறது என்று எழுதினேன். கோப்பு மாறினால் சேவை நின்று மறுபடி துவங்க வேண்டும் என்பதற்கு, சேவை கோப்பைக் கவனித்திருக்கிறது என்று எழுதினேன். கோப்பு மாறாத நாளில் சேவையை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

ஆணையிட்டவுடன் என்ன நடக்கிறது? முதலில் 'ஃபேக்டர்' என்னும் துணைக்கருவி அந்தக் கணிப்பொறியின் மெய் விவரங்களைத் திரட்டுகிறது. அதன் பெயர், நினைவக அளவு, இயக்க முறையின் குடும்பம் முதலியன. இது எனக்குப் பெரிதும் உதவியது. எங்கள் கணிப்பொறிகளில் சில டெபியன் குடும்பம், சில ரெட் ஹாட் குடும்பம். முன்னதில் சேவையின் பெயர் குரோனி; பின்னதில் குரோனிடி. அமைப்புக் கோப்பு இருக்கும் இடமும் வேறு. குடும்பத்தைப் பார்த்துப் பெயரைத் தேர்ந்துகொள் என்று எழுதிவிட்டேன். முப்பதுக்கும் ஒரே மானிஃபெஸ்ட் போதுமானதாயிற்று. பிறகு அந்த விவரங்களைக் கொண்டு மானிஃபெஸ்ட்டை அந்த ஒரு கணிப்பொறிக்கே உரிய பட்டியலாகத் தொகுக்கிறது. உறவுகளைப் பார்த்து வரிசை அமைக்கிறது. அ, ஆவை வேண்டி நிற்க, ஆ, அவை வேண்டி நின்றால், இது சுழல் என்று சொல்லி நின்றுவிடும். கடைசியாக, பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் உள்ள நிலையோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் பேசாமல் கடக்கிறது. பொருந்தாவிடில் திருத்தி, திருத்தியதைச் சொல்கிறது.

முன்பு சூடுபட்டவன் ஆகையால், முதல் நாள் நான் நேராக ஓட்டத் துணியவில்லை. 'நோ-ஆப்' என்ற குறிப்பையும் சேர்த்து ஓட்டினேன். அப்போது அது எதையும் தொடாமல், இன்னது இப்படி இருக்கிறது, அதை இப்படி மாற்றியிருப்பேன் என்று மட்டும் சொல்லும். தையற்காரர் துணியை வெட்டுமுன் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் காட்டுவது போல என்று கொள்ளலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பொதியை நிறுவியிருப்பேன் என்று சொல்லுமே தவிர, நிறுவப் போனால் அந்தப் பொதி கிடைக்குமா என்று முயன்று பார்த்துச் சொல்லாது. பழைய கோப்பைப் பாதுகாக்கவும் ஒரு வழி கண்டேன். கேட்டுக்கொண்டால், மாற்றப்போகும் கோப்பின் பழைய பிரதியை அது ஒரு வாளியில் போட்டு வைக்கும். பிரதிக்கு அடையாளம் 'பழையது' என்பது போன்ற பெயர் அன்று; உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு நீண்ட எண். உள்ளடக்கம் வேறானால் எண்ணும் வேறு. ஆகவே புதியது வந்து பழையதின் இடத்தைப் பிடிக்க வழியே இல்லை. இதைப் படித்த அன்று, இழந்த அந்த இரண்டு நாள்களை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆணையின் குறைகளையும் மறைக்கலாகாது. மாணவர் எவரேனும் இதைப் பழகுவாராயின் முதலில் இடறுவது இங்கேதான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூச்சியம் என்றால் எல்லாம் நலம் என்பது மரபு. ஆனால் பப்பெட் அப்ளை, சில உறுப்புகளைத் திருத்த முடியாமல் தோற்றபோதும் பூச்சியமே தரும். விவரமான முடிவெண் வேண்டும் என்று தனியே கேட்டால்தான் உண்மை வெளிவரும். அப்போது மாற்றமும் தோல்வியும் இல்லையேல் 0, மாற்றம் செய்திருந்தால் 2, தோல்வி இருந்தால் 4, இரண்டும் இருந்தால் 6. ஓடவே முடியாமற்போனால் 1. இதை அறியாமல் பூச்சியத்தைக் கண்டு மகிழ்பவர், தேர்வு எழுதாத பிள்ளை தேறிவிட்டான் என்று மகிழ்பவரைப் போன்றவர். நிர்வாகி உரிமையின்றி ஓட்டினால் பொதியை நிறுவவும் இயலாது. 'இந்தக் கட்டளையை ஓட்டு' என்று மானிஃபெஸ்டில் எழுதவும் இடமுண்டு. அங்கே, எப்போது ஓட்ட வேண்டாம் என்ற நிபந்தனையையும் எழுதாவிட்டால், மாறா விளைவு போய்ப் பழைய கதையே திரும்பும். இன்னொன்று: தலைமைக் கணிப்பொறி உள்ள ஏற்பாட்டில் ஒவ்வொன்றும் தன் பட்டியலை மட்டுமே பெறும். நம் முறையில் முழு மானிஃபெஸ்டும் எல்லாக் கணிப்பொறியிலும் இருக்கும். கடவுச்சொல் போன்ற இரகசியங்களை அதில் எழுதுவது தகாது.

எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த குறை வேறு. மானிஃபெஸ்டிலிருந்து ஓர் உறுப்பை நீக்கிவிட்டால், கணிப்பொறியிலிருந்து அது நீங்காது. எழுதியதைப் பற்றி மட்டுமே கருவிக்கு அக்கறை. எழுதாததைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை. வேண்டாததை 'இல்லாதிருக்க' என்று எழுதித்தான் போக்கவேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். நாள்தோறும் காலையில் முப்பதிலும் ஆணை தானே ஓடி, முடிவெண்ணை எனக்கு எழுதி வைக்கும்படி செய்திருந்தேன். முதல் நாள் பெரும்பாலும் 2 வந்தது. மறுநாள் முதல் 0. பதினேழாம் எண் கணிப்பொறி மட்டும் ஒவ்வொரு நாளும் 2 என்றே சொல்லிற்று. கோப்பைத் திருத்தினேன் என்கிறது. மறுநாளும் அதையே திருத்தினேன் என்கிறது. யாரோ மாணவர் விளையாடுகிறார் என்று ஐயுற்றேன். ஒரு நாள் மாலை கூடத்தைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். காலையில் மீண்டும் 2! பிறகுதான் துவக்க நிரல்களின் பட்டியலைப் பார்த்தேன். மின்சாரம் போன அந்த நாளில், கணிப்பொறி துவங்கும்போதே ஓடினால் என்ன என்று சோதிப்பதற்காக, என் பழைய கட்டளைத் தொகுப்பை அந்த ஒன்றில் மட்டும் நானே வைத்திருந்தேன், அடியோடு மறந்தும்போனேன். அது காலைதோறும் பிழையுள்ள கோப்பைப் போட, பாவை அதைச் சரிசெய்ய, இரண்டும் நாள்தோறும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. யாரையோ ஐயுற்ற எனக்கு நாணமாக இருந்தது. மானிஃபெஸ்டில் நான்காவது உறுப்பாக, அந்தக் கட்டளைத் தொகுப்பு இல்லாதிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் பதினேழாம் எண் 2 என்றது; அதற்கு அடுத்த நாள் 0.