கனடாவில் பேஸ்மென்ட்டில் தங்கியிருக்கீங்களா? பக்கத்து அறையில் ஓடும் கேஸ் ஃபர்னஸ் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

கனடாவின் டொரன்டோ பகுதியில் அக்டோபர் பிறந்துவிட்டாலே வீடுகளில் ஹீட்டிங் ஓட ஆரம்பித்துவிடும். ஜனவரியில் வெளியே மைனஸ் 20 டிகிரி வரைக்கும்கூட போகும். உள்ளே 21 டிகிரியில் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்க முடிகிறது என்றால், பெரும்பாலான வீடுகளில் அதற்குக் காரணம் பேஸ்மென்ட்டில் ஒரு மூலையில் நிற்கும் கேஸ் ஃபர்னஸ்.

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. படிக்கப் போகும் மாணவர்கள் பலரும் வாடகை குறைவு என்பதால் பேஸ்மென்ட் அறையைத்தான் எடுக்கிறார்கள். அதாவது, ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எப்போது ஆபத்து என்று பலருக்கும் தெரிவதில்லை. விரிவாகப் பார்க்கலாம்.

கேஸ் ஃபர்னஸ் எப்படி வேலை செய்கிறது?

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி என்று வைத்திருக்கிறீர்கள். அறையின் வெப்பம் அதற்குக் கீழே இறங்கியதும் ஃபர்னஸுக்கு சிக்னல் போகும். முதலில் ஒரு சின்ன ஃபேன் ஓடி, உள்ளே தங்கியிருக்கும் பழைய காற்றை புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளும். அதன் பிறகுதான் கேஸ் வால்வு திறந்து பர்னர் எரியும்.

அந்தத் தீயின் சூடு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோக அறையைச் சூடாக்கும். வீட்டுக் காற்று அந்த உலோகத்துக்கு வெளிப்பக்கமாகப் போய் சூடாகி, டக்ட் வழியாக ஒவ்வொரு அறைக்கும் வரும். எரிந்த புகை உலோகத்துக்கு உள்பக்கமாகவே போய் வீட்டுக்கு வெளியேறிவிடும்.

இங்கேதான் விஷயமே இருக்கு. நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் எரிந்த புகையையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டும்தான். அதில் விரிசல் விழுந்தாலோ, புகைக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, புகை வீட்டுக்குள் வரலாம். கேஸ் சரியாக எரியாவிட்டால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் நிறைய இருக்கும்.

கேஸ் லீக் வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு

நம்ம ஊர் சிலிண்டர் லீக் ஆனால் மூக்கே சொல்லிவிடும். கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. லீக் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் கனடாவில் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவிலும் இருக்கும். நம்ம ஊர் எல்பிஜி காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். இயற்கை எரிவாயு லேசானது, மேலே எழும்பும். இதுதான் முக்கிய வித்தியாசம்.

கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண் எரிச்சலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். மூச்சு சாதாரணமாகவே ஓடும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் போதுமான ஆக்சிஜன் போகாது.

காய்ச்சல் இல்லாத ஃப்ளூவா? உஷார்!

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், உடம்பு அசதி, குழப்பம். இவைதான் ஆரம்ப அறிகுறிகள். குளிர்காலம் என்பதால் "ஜலதோஷம்தான், ஒரு மாத்திரை போட்டுட்டு படுத்தா சரியாயிடும்" என்று நினைப்பது சகஜம். அதுதான் ஆபத்து. தூக்கத்திலேயே மயக்கம் ஆழமாகி உயிர் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

* ஃப்ளூ மாதிரி இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது.
* வெளியே போனால் தலைவலி குறையும், வீட்டுக்கு வந்தால் மீண்டும் தொடங்கும்.
* வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்கும் அதே தொந்தரவு இருக்கும்.

இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911-ஐ அழையுங்கள்.

அலாரம் கட்டாயம். சட்டம் என்ன சொல்கிறது?

2008-ல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தனர். வீட்டில் இருந்த கேஸ் ஃபயர்பிளேஸின் புகைக்குழாய் அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. அந்த மரணங்களைத் தொடர்ந்து நடந்த முயற்சியால் 2013-ல் ஒன்டாரியோ சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபர் 15 முதல், கேஸ் போன்ற எரிபொருளில் இயங்கும் சாதனம் உள்ள வீடுகளில், படுக்கும் இடத்துக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாக்கப்பட்டது.

வாடகை வீடு என்றால் அலாரத்தைப் பொருத்துவதும் பராமரிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அதே நேரம், வாடகைக்கு இருப்பவர் அதைக் கழற்றி வைப்பதோ பேட்டரியை உருவுவதோ சட்டப்படி குற்றம். சமைக்கும்போது சத்தம் போடுதுன்னு எடுத்து டிராயருக்குள்ளே போட்டுடாதீங்க.

எத்தனை பீப்? என்ன அர்த்தம்?

* 3 பீப், சிறு இடைவெளி, மீண்டும் 3 பீப்: தீ அல்லது புகை.
* 4 பீப், சிறு இடைவெளி, மீண்டும் 4 பீப்: கார்பன் மோனாக்சைடு. உடனே வெளியேறுங்கள்.
* அவ்வப்போது ஒரே ஒரு 'கீச்': பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆம், அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள். மாற்ற வேண்டிய தேதி பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். காற்றில் 70 பிபிஎம் அளவுக்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால், அலாரம் அடிக்க 1 முதல் 4 மணி நேரம் வரை ஆகலாம். 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள் அடிக்கும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் அலாரம் அடித்த பிறகு "கொஞ்சம் ஜன்னலைத் திறந்து பார்ப்போம்" என்று காத்திருக்க நேரமில்லை. அது ஏற்கனவே காத்திருந்துதான் அடிக்கிறது.

நீங்களே செய்யக்கூடிய வேலைகள்

ஃபில்டர் மாற்றுவது: இதுதான் முதல் வேலை. 1 இன்ச் தடிமன் உள்ள ஃபில்டரை 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 4 அல்லது 5 இன்ச் ஃபில்டர் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை தாங்கும். நாய், பூனை வளர்த்தால் இன்னும் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். ஃபர்னஸை ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள். ஃபில்டர் மேல் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும்.

இது வெறும் தூசி சமாச்சாரம் இல்லை. ஃபில்டர் அடைத்தால் காற்று போதுமான அளவு போகாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறி சூடாகும். அதிகச் சூட்டைக் கண்டதும் பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை நிறுத்தும். ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி நிற்கும். இப்படியே ஓடினால் உலோகத்தில் விரிசல் விழும் வாய்ப்பு அதிகம்.

பனி அள்ளுவது: புதிய ஃபர்னஸ்களின் பிவிசி குழாய்கள் வீட்டின் பக்கச் சுவர் வழியாக வெளியே வரும். பனி கொட்டிய பிறகு வாசலை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, இந்தக் குழாய்களைச் சுற்றியும் அள்ள வேண்டும். அடைத்துக்கொண்டால் பெரும்பாலான புதிய ஃபர்னஸ்கள் தானே நின்றுவிடும். ஆனால் அதே வீட்டில் பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரும் இருக்கலாம், அது அப்படி நிற்கும் என்று நம்ப முடியாது.

இடம் விடுவது: சூட்கேஸ், அட்டைப்பெட்டி, துணி எல்லாவற்றையும் ஃபர்னஸிலிருந்து 1 மீட்டராவது தள்ளி வையுங்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல் கேன் அந்த அறையிலேயே கூடாது. குளிருது, சத்தமா இருக்குன்னு ஃபர்னஸ் அறைக் கதவில் உள்ள காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கவே கூடாது. தீ சரியாக எரிய காற்று வேண்டும்.

தீயைப் பார்ப்பது: ஃபர்னஸில் சிறிய கண்ணாடித் துளை இருந்தால் பாருங்கள். தீ நீலமாக, நிலையாக இருக்க வேண்டும். தொடர்ந்து மஞ்சளாக எரிந்தாலோ, அருகே கரி படிந்திருந்தாலோ டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஃபர்னஸ் ஓடலையா? முதலில் இதைப் பாருங்க

தெர்மோஸ்டாட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பிரேக்கர் விழுந்திருக்கலாம். ஃபர்னஸ் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும், யாராவது தெரியாமல் அணைத்திருக்கலாம். ஃபில்டர் மாற்றியபின் முன்பக்கக் கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஓடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், அல்லது ஓடி ஓடி நின்றால், திரும்பத் திரும்ப ரீசெட் செய்யாதீர்கள். ஃபர்னஸ் நிற்பதற்குக் காரணம் இருக்கும்.

யாரைக் கூப்பிட வேண்டும்?

பர்னர், கேஸ் வால்வு, புகைக்குழாய் இதில் எதையும் நாமே தொடக்கூடாது. "நமக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கம்மி காசுல பண்ணித் தருவார்" என்பதும் வேண்டாம். ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிவுபெற்ற நிறுவனத்தின் லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியன்தான் இதைச் செய்ய முடியும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன்பே பரிசோதிப்பது நல்லது.

உடனடி ஆபத்து என்று தெரிந்தால் டெக்னீஷியன் கேஸை அடைத்து டேக் மாட்டிவிடுவார். சரிசெய்யும் வரை அதை இயக்க முடியாது. குளிரில் கோபம் வரும்தான். ஆனால் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த நடைமுறை.

வாசலில் வந்து "உங்க ஃபர்னஸை செக் பண்ணணும், பழசாயிடுச்சு, புதுசு மாத்தணும்" என்று யாராவது சொன்னால் கையெழுத்து போடாதீர்கள். கூப்பிடாமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் ஒன்டாரியோவில் தடை செய்யப்பட்டுள்ளது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால்?

லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், ஆன் செய்யவும் வேண்டாம், ஆஃப் செய்யவும் வேண்டாம். உள்ளே நின்று போன் பேசாதீர்கள். உடனே வெளியே போய், தள்ளி நின்று, 911 அல்லது கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். அவர்கள் சொல்லும்வரை உள்ளே போக வேண்டாம்.

இதையும் செய்யாதீங்க

ஹீட்டிங் போய்விட்டது என்று கேஸ் அடுப்பையோ அவனையோ எரியவிட்டு குளிர் காயக்கூடாது. கரி அடுப்பு, பார்பிக்யூ இரண்டையும் வீட்டுக்குள்ளோ கராஜிலோ பற்ற வைக்கக்கூடாது, கதவு திறந்திருந்தாலும் சரி. கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து சூடாக்குவதும் அதே ஆபத்துதான்.

வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே இருக்கு? பட்டனை அழுத்தி என் முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காட்டுறீங்களா?
2. ஃபர்னஸைக் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணீங்க?
3. ஃபில்டர் மாத்துறது யார் பொறுப்பு?
4. பேஸ்மென்ட்டிலிருந்து அவசரமா வெளியேற வழி எது?

கேட்கத் தயக்கமாக இருக்கலாம். புது ஊர், கிடைத்த அறை, வீட்டுக்காரர் தெரிந்தவர் வேறு. ஆனால் ஒரு அலாரத்தின் விலை பெரும்பாலும் ஒரு மாத வாடகையில் சிறு பகுதிதான். உரிமையாளர் உடனே மாட்டித் தரவில்லை என்றால், உள்ளூர் தீயணைப்புத் துறையிடம் புகார் செய்யலாம். அதுவரை பிளக்கில் செருகும் அலாரம் ஒன்றை நீங்களே வாங்கி, தலைமாட்டுக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள்.