பாட்டியின் கடிதத்தைப் பேரன் படிப்பானா?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ஒரு குடும்பக் கதை வெட்டப்பட்டிருக்கிறது. சத்ரபதி சிவாஜியின் தம்பி வெங்கோஜியின் வழிவந்த இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-ல் பொறித்து வைத்த போன்ஸ்லே வம்ச சரித்திரம் அது. முன்னோர் தஞ்சைக்கு வந்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆன பின்னும், அதை மராத்தியில்தான் எழுதினார்கள்.

நாம் எதிர்த்திசையில் வந்தவர்கள். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவக் கணக்கு அலுவலகம், ரயில்வே, பிறகு பிம்ப்ரி, இப்போது ஹிஞ்சவடி என்று வேலை நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. நம்மிடம் கோயில் சுவர் இல்லை; பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. அதற்குள் இன்லண்டு கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஸ்டூடியோ முத்திரை குத்திய கறுப்பு வெள்ளைப் படங்கள்.

இப்படிப்பட்ட காகிதங்களின் அருமை தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருந்தார். வி.கா. ராஜ்வாடே (1863-1926) ஊர் ஊராக அலைந்து, வீடுகளில் முடங்கிக் கிடந்த பழைய கடிதங்களைத் திரட்டி, 1898 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். மராட்டியர் வரலாற்றுக்கு அவை இன்றும் ஆதாரம். 1910-ல் அவர் நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டல் நம் சதாசிவ பேட்டையில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி மோடி எழுத்தில் உள்ளது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதற்காகத் தனி வகுப்பு நடத்துகிறார்கள்.

நம் வீட்டிலும் இதேதான் நடக்கிறது. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். தேவநாகரியும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கிறார்கள். பாட்டி எழுதிய "க்ஷேமம், க்ஷேமத்திற்கு எழுதவும்" மட்டும் அவர்களுக்கு மோடி எழுத்துதான். பெட்டியைப் பத்திரமாகப் பூட்டி வைத்து என்ன பயன்? தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலை என்பது என் கட்சி. அதுவரை, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கடிதங்களை உரக்கப் படிக்கட்டும். பேரன் செல்போனில் பதிவு செய்யட்டும். படிக்கும்போதே "இந்த அம்பி யார் தெரியுமா?" என்று ஒரு கதை கிளம்பும். அது கடிதத்தில் இருக்காது.

தேதி ஒரு தலைவலி. தாத்தாக்கள் "பார்த்திப வருஷம், ஆடி 12" என்று எழுதிவிடுவார்கள். பார்த்திப 1885-லும் வந்தது, 1945-லும் வந்தது, 2005-லும் வந்தது! தபால் முத்திரையைப் பாருங்கள். ஆண்டு அநேகமாக அதில் இருக்கும். ஆகவே உறையைக் கிழித்து எறிய வேண்டாம்.

படங்களின் பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரும். மெல்லிய பென்சிலே போதும். "பெரியப்பா" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குப் பெரியப்பா? பெயர், ஊர், ஆண்டு மூன்றும் வேண்டும். பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பங்களில் பசை படத்தைத் தின்றுவிடும், லாமினேஷனும் கூடாது. புனே மழைக்காலத்தில் பரணைவிட உள் அலமாரி மேல்.

பிரதி ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து முட்டா நதி பேட்டைகளுக்குள் புகுந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. மூலம் மூத்தவர் வீட்டிலும், பிரதி சென்னையிலோ கும்பகோணத்திலோ தங்கை வீட்டிலும் இருக்கட்டும். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பெட்டியின் மேலேயே வையுங்கள்.