பழைய மோட்டாரின் பின்சட்டமும் துருவும்

பழைய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கச் செல்வோர் முதலில் அதன் வண்ணத்தைப் பார்க்கின்றனர். அடுத்து இருக்கைகளைப் பார்க்கின்றனர். பிறகு என்ஜினின் ஓசையைச் செவிமடுக்கின்றனர். குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியில் பயணம் செய்வோரின் உயிர் பெரிதும் நம்பியிருப்பது கண்ணிற்படாத அந்த அடிப்பாகத்தையே ஆகும். அதிலும், பின்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தைத் துரு எவ்வாறு அரிக்கின்றது, அதனைக் கண்டறிவது எங்ஙனம், கண்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

உத்தியோகத்தின் பொருட்டு மும்பையிலும் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் குடியேறியுள்ள தமிழர்கள் ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் வண்டி வைத்திருக்கின்றனர். டில்லியிலோ நாகபுரியிலோ இருப்பவர்களும், கடலோர ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் வண்டியை வாங்க நேரிடுகின்றது. ஆகவே, இது கடற்கரையில் வாழ்வோருக்கு மட்டும் உரிய கவலையன்று.

முதலில், பின்சட்டம் என்பது யாது? இக்காலத்து மோட்டார் கார்கள் பெரும்பாலானவற்றில் வண்டியின் உடலே அதன் எலும்புக்கூடாகவும் அமைந்துள்ளது. சில கார்களில், பின்சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் கைகளையும் வில்களையும் தனியான ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை உடலோடு போல்ட்டுகளால் முடுக்கிவிடுகின்றனர். இதனையே மெக்கானிக்குகள் சப்ஃபிரேம் என்கின்றனர். பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புள்ள கார்களில் இது பெரும்பாலும் இருக்கும். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் இச்சட்டம் இல்லை. பின்புறக் குறுக்கு உத்தரம் நேரே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாஸடரிலும் பட்டைவில்கள் உடலின் அடிவரிகளிலேயே தொங்கின. அத்தகைய வண்டிகளில் அந்த இணைப்பு இடங்களே நாம் ஆராய வேண்டியவை.

இத்துறையில் உலகுக்கெல்லாம் பாடமாக அமைந்தது பிரிட்டனின் மினி கார். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த அவ்வண்டி 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்து, 2000-ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பெற்றது. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. அதன் முன்புறத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக இரண்டு சட்டங்கள் இருந்தன. பின்சட்டம் நான்கு இடங்களில் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. தகட்டை மடித்துப் பெட்டிபோல் ஆக்கிய அதன் குறுக்கு உறுப்புகளிலும் பக்க உறுப்புகளிலும் சேறு அடைந்து தங்கிற்று. குளிர்காலத்தில் பனிக்கட்டியைக் கரைப்பதற்காக அந்நாட்டுச் சாலைகளில் தூவப்படும் உப்பும் அச்சேற்றோடு சேர்ந்தது. விளைவாக, பழைய மினியின் பின்சட்டம் துருப்பிடிப்பது அந்நாட்டில் அனைவரும் அறிந்த குறையாயிற்று. முன்சட்டத்துக்கோ என்ஜினிலிருந்து கசிந்த எண்ணெயே ஓரளவு காப்பாக அமைந்தது!

பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு பழைய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை தொடங்கப்பெற்றது. சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகள் உடலோடு இணையும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு வலுவிழந்திருப்பின், அந்த வண்டி இப்பரிசோதனையில் தேறாது. கதவிலோ மட்கார்டிலோ உள்ள துரு அழகுக் குறை. பாரம் தாங்கும் இடத்தில் உள்ள துருவோ வலுக்குறை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே இவ்விஷயத்தில் முதற்பாடம்.

துரு எவ்வாறு தோன்றுகின்றது? இரும்பும் காற்றிலுள்ள பிராணவாயுவும் நீரும் கூடினால் துரு உண்டாகும். நீரில் உப்புக் கலந்திருப்பின், இச்செயல் பன்மடங்கு விரைவுபெறும். துருவானது தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த விளிம்பில் அது புகுந்தால், ஆப்பு வைத்தாற்போல் அவற்றைப் பிளந்துவிடுகின்றது. பெட்டிபோன்ற சட்டத்தில் நீர் வடிவதற்கென அடியில் துளைகள் இருக்கும்; அவை சேற்றால் அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கறையான் அரித்த மரம் வெளியே முழுமையாகத் தோன்றி, கைவைத்தவுடன் உதிர்வதுபோல, இச்சட்டமும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றது. வெளியே கொப்புளம் தோன்றும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இனி, கண்டறியும் முறை. பின்புறத்திலிருந்து 'தடக்' என்னும் ஓசை எழுதல், பின்சக்கர டயர்கள் ஒருபுறமாகத் தேய்தல், பிரேக் பிடிக்கும்போதோ வளைவிலோ வண்டியின் பின்பாகம் ஒருபக்கம் அசைதல் ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றும் வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் வண்டியை உயர்த்திப் பார்ப்பது நலம். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் புகலாகாது. உறுதியான ஸ்டாண்டுகள் தாங்கியிருத்தல் வேண்டும். சட்டத்தை முதலில் கழுவிச் சேற்றை அகற்றுக. பிறகு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரிபட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தை ஸ்குரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்த்தால், கெட்ட தகடு உள்வாங்கும். தகடுகளின் விளிம்பு, போல்ட் இறங்கும் இடம், நீர்த்துளைகளின் ஓரம் ஆகிய மூன்றும் தவறாமல் பார்க்க வேண்டியவை. அருகில் செல்லும் பிரேக் குழாயில் அடி படாதவாறு எச்சரிக்கையாக இருத்தல் அவசியம்.

நோயின் அளவுக்கு ஏற்ப மருந்தும் வேறுபடும். துரு மேற்பரப்பில் மட்டும் இருப்பின், கம்பிப் பிரஷினால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவி, துத்தநாகம் கலந்த பிரைமரும் பெயின்ட்டும் பூசலாம். இதன் தத்துவத்துக்கு டில்லியிலேயே ஒரு சான்று உண்டு. மெஹ்ரௌலியில் உள்ள, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையான இரும்புத் தூணில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. அதனால் விளைந்த மெல்லிய பாஸ்பேட் படலமே தூணைக் காக்கின்றது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அமிலம் தடவிய இரும்பின்மீதும் பாஸ்பேட் படலமே உண்டாகின்றது.

துரு துளையிட்டிருப்பின், பெயின்ட் பயன்படாது. கெட்ட தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை இடைவெளியின்றி வெல்டிங் செய்தல் வேண்டும். ஆனால், பாரம் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் செய்வதைத் தயாரிப்பாளர்கள் பலர் அனுமதிப்பதில்லை. ஆகவே, அந்த வண்டிக்குரிய பழுதுபார்க்கும் நூலைப் பார்த்தே முடிவு செய்க. வெல்டிங்குக்கு முன் பாட்டரியின் இணைப்பை நீக்குவதும், பெட்ரோல் தொட்டியையும் குழாய்களையும் அப்புறப்படுத்துவதும் இன்றியமையாதன.

பல இடங்களில் அரிப்பு இருந்தாலும், சக்கரத்தைத் தாங்கும் கை பொருந்தும் இடத்திலேயே அரிப்பு இருந்தாலும் சட்டத்தை மாற்றுவதே வழி. அதே வயதுடைய மற்றொரு வண்டியிலிருந்து கழற்றிய சட்டத்தை வாங்குவதாயின், அதனையும் தட்டிச் சோதித்தே வாங்குதல் வேண்டும். பழைய போல்ட்டுகள் இறுகி ஒடியக்கூடியவை. முதல் நாளே எண்ணெயில் ஊறவிடுவது நல்லது. சட்டத்தைக் கழற்றியபின், அது பொருந்திய உடற்பகுதி உறுதியாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அங்கும் இரும்பு உதிருமாயின், புதுச்சட்டத்தால் பயனில்லை. ரப்பர் புஷ்களையும் அரிபட்ட பிரேக் குழாய்களையும் அப்பொழுதே மாற்றிவிடுவது சிக்கனம். இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டியதில்லை. முடிவில் பிரேக்கிலுள்ள காற்றை வெளியேற்றி, சக்கரங்களின் நேர்மையையும் அளந்து சரிசெய்தல் வேண்டும்.

ஒரு வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விலக்குக. விற்பனைக்கு முன் அடிப்பாகம் முழுவதும் தார்போன்ற கரும்பூச்சைத் தடித்துப் பூசிவிடுவதுண்டு. நல்ல இரும்பின்மேல் அது காப்பு. துருவின்மேல் பூசினாலோ அது வெடித்து, வெடிப்பில் நீரைத் தேக்கி, அழிவை மறைவாக வளர்க்கின்றது. பூசி மெழுகுதல் என்னும் நம் சொல்வழக்கு இதற்கு நன்கு பொருந்தும்! பழைய வண்டியின் அடியில் மட்டும் புதிய கறுப்பு மின்னுமாயின், அங்கே ஐயுறுக.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதோடு, எந்த ஊரில் நின்றது என்றும் கேளுங்கள். பதிவுச் சான்றிதழைப் பார்த்தால் அது முதலில் எங்கே பதிவாயிற்று என்பது தெரியும். 2021-இல் தொடங்கப்பெற்ற பாரத் வரிசை எண்ணோ மாநிலத்தைக் காட்டாது. அவ்வண்டிகளைப் பொறுத்தவரை உரிமையாளரையே விசாரித்தறிய வேண்டும். சொந்தக் கார்களின் பதிவைப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் புதுப்பிக்கும்போது பரிசோதனை உண்டு. ஆனால், துரு அந்த நாள்வரை காத்திருப்பதில்லை.

தற்காப்பு எளிது. கடற்கரைக்குச் சென்று வந்தாலும், தேங்கிய மழைநீரில் வண்டி இறங்கினாலும், அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். உவர்நீர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது தீமையே பயக்கும். ஈரவண்டியைத் துணியால் மூடாதீர்கள். நீர்த்துளைகளைக் குச்சியால் திறந்து வையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகெண்ணெய் பீச்சச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருநாள் வேலையும் சிறுசெலவும் இதற்குப் போதும். பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர்கள் நம் பெற்றோரும் குழந்தைகளுமே அன்றோ? அவர்களுக்குக் கீழே உள்ள இரும்பு உறுதியாக இருக்கின்றதா என்பதை நாமே பார்த்து அறிந்துகொள்வது நம் கடமையாகும்.