இரத்தத்தின் உப்பைச் சொல்லும் ஒளி

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு விடிந்தும் விடியாத நேரத்திலேயே வயதானவர்கள் வெறும் வயிற்றோடு வந்துவிடுவார்கள். பின்னேரம் கைக்கு வரும் அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது சீனியையும் கொலஸ்டரோலையும். அதே தாளில் சோடியம், பொற்றாசியம் என்று இரண்டு வரிகள் இருந்தால் அவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வீட்டில் ஒரு முதியவர் திடீரென மாறாட்டமாகப் பேசத் தொடங்கி, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டோடிய பிறகு, “உப்புக் குறைஞ்சு போச்சு” என்று டொக்டர் சொல்லும்போதுதான் அந்த வரிகளின் கனம் வீட்டாருக்கு விளங்குகிறது.

ஒரு லீற்றர் இரத்தத் திரவத்தில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பொற்றாசியத்துக்கு 3.5 முதல் 5 வரைதான் இடம். பொற்றாசியம் 6.5ஐத் தாண்டினால் இதயத்தின் தாளம் பிசகக்கூடும். உடனே கவனிக்காவிட்டால் துடிப்பு நின்றும் போகலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடம் இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்வது இதனால்தான். வடமத்திய மாகாணத்தில் பல ஆயிரம் விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் வாட்டும் ஒரு நாட்டில், இந்தச் சின்ன எண்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை.

இந்த அளவுகளைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காத்திராமல், அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகிலும் அம்புலன்ஸிலும் வைத்தே சில நிமிடங்களில் அளந்து சொல்லும் கருவிகள் உலகில் பாவனையில் உள்ளன. அவற்றில் ஒரு வகை, ஒளியால் அளக்கிறது. அந்த ஒளிக் கருவிக்குள் இருக்கும் இரசாயனக் கருத்தின் முதல் அத்தாட்சிகளில் இரண்டு, வெள்ளவத்தையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் பிறந்தவை. கொழும்பில் வாழ்கிற நம்மில் மிகச் சிலருக்கே இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அத்தாட்சிகளைத் தந்தவர் ஏ. பிரசன்ன டி சில்வா. 1975இல் கொழும்பில் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கொழும்பு வளாகம். தனிப் பல்கலைக்கழகமானது 1978இல்தான். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஒளி இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றபின், கொழும்புக்கே திரும்பி வந்து விரிவுரையாளரானார். 1985இல் ஆர். ஏ. டி. டி. ரூபசிங்கவுடன் ஒரு கட்டுரை, 1986இல் எஸ். ஏ. டி சில்வாவுடன் இன்னொன்று. இரண்டும் இங்கிலாந்தின் இரசாயனச் சங்கச் சஞ்சிகையில் வெளியான, ஓரிரு பக்கங்களே கொண்ட குறுங்கட்டுரைகள். முதலாவது, அமிலத்தைக் கண்டால் ஒளிரும் மூலக்கூறு பற்றியது. இரண்டாவது, சோடியம் போன்ற கார உலோக அயன்களைக் கண்டால் ஒளிரும் மூலக்கூறு பற்றியது.

அந்த ஆண்டுகள் கொழும்புக்கு எப்படிப்பட்டவை என்று இந்தப் பத்தியை வாசிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலை இனக்கலவரத்தின் புகை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல குடும்பங்களின் நெஞ்சிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் பெட்டி கட்டினார். ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் டொக்டர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். நாடு தன் மூளைகளை இழந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், இந்த நகரத்திலிருந்து இப்படியொரு கருத்தும் உலகுக்குப் போனது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிரசன்ன டி சில்வா செய்தது என்ன? ஒளிரும் இரசாயனங்கள் புதியவை அல்ல. அந்திரசீன் என்ற சேர்மத்தின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அது நீல நிறத்தில் ஒளிரும். கதிரை உறிஞ்சியதும் அதன் ஓர் இலத்திரன் மேல் மட்டத்துக்கு ஏறி, கீழே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அது திரும்பவும் அந்த இடத்துக்கு இறங்கும்போது ஒளி வெளிவருகிறது. இப்போது அந்த அந்திரசீனோடு, இடையில் ஒரேயொரு காபன் அணுவை வைத்து, நைதரசன் கொண்ட ஒரு கூட்டத்தை இணைத்தால் என்ன ஆகும்? நைதரசனிடம் பிணைப்பில் சேராத ஒரு சோடி இலத்திரன்கள் உண்டு. அவற்றில் ஒன்று பாய்ந்து வந்து கீழே உள்ள வெற்றிடத்தை நிரப்பிவிடும். மேலே ஏறிய இலத்திரன் பழைய இடத்துக்கு இறங்க வழியில்லை. ஒளியாக வரவேண்டிய சக்தி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. மூலக்கூறு இருண்டு கிடக்கிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்காததைப் போல.

ஓட்டையை அடைப்பதுதான் அயனின் வேலை. ஓர் ஐதரசன் அயன் வந்து நைதரசனின் அந்த இலத்திரன் சோடியைப் பற்றிக்கொண்டால், அதனால் இனிப் பாய முடியாது. மூலக்கூறு உடனே நீலமாக ஒளிரத் தொடங்கும். நைதரசனை ஒரு வளையத்துக்குள் வைத்து, அந்த வளையத்தின் அளவைச் சோடியத்துக்கு ஏற்றதாக அமைத்தால், சோடியத்தைக் கண்டு ஒளிரும் மூலக்கூறு கிடைக்கும். இத்தகைய வளையங்களை 1967இல் உலகுக்கு அறிவித்தவர் சார்ள்ஸ் பெடர்சன். அதற்காக 1987இல் டொனால்ட் கிராம், ஜான் மரி லேன் ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இலத்திரன் பாய்ந்து ஒளியை அணைப்பதன் கணக்கை ஜெர்மனியில் அல்பேர்ட் வெல்லர் ஏற்கெனவே வகுத்திருந்தார். வளையம் ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது. இரண்டையும் ஒரே மூலக்கூறில் கோத்து, ஒளிரும் பகுதி, இடைவெளி, அயனைப் பிடிக்கும் பகுதி என மூன்றாக வகுத்து, ஒன்றைக் குலைக்காமல் மற்றதை மாற்றக்கூடிய ஒரு பொதுவான வடிவமைப்பாக்கியதுதான் டி சில்வாவின் சாதனை.

என்னை மிகவும் கவர்வது இந்த இடம்தான். அதுவரை இப்படிப்பட்ட உணரிகளிற் பல, செய்து பார்த்து அதிர்ஷ்டத்தால் கிடைத்தவை. இந்த வடிவமைப்பு வந்தபின், எந்த மூலக்கூறு ஒளிரும், எது ஒளிராது என்பதைக் கடதாசியில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பெருஞ்செலவான இயந்திரங்கள் இல்லாத ஆய்வுகூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விஞ்ஞானம் இருக்க முடியாது. நன்றாகச் சிந்தித்த ஒரு வடிவம், கொஞ்சம் இரசாயனங்கள், ஒளிர்வை அளக்க ஒரு கருவி. அவ்வளவோடு உலகத் தரமான வேலை நடந்திருக்கிறது.

1986இல் அவர் பெல்பாஸ்டுக்கே திரும்பினார். அங்கே அவருடைய குழு பெருகியது. 1997இல் அவரும் சகாக்களும் எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரை இத்துறையில் வருகிற எவரும் முதலில் திறக்கும் கட்டுரையாகிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் குடுவைக்குள் ஒளிர்வது வேறு, இரத்தத்துக்குள் ஒளிர்வது வேறு. இரத்தத்தில் புரதங்கள் தாமே புற ஊதாவில் ஒளிர்ந்து குழப்பும். சிவப்பணுக்கள் ஒளியை விழுங்கிவிடும். பொற்றாசியத்தின் சிக்கல் இன்னும் பெரியது: ஒரு பொற்றாசிய அயனுக்கு முப்பத்தைந்து சோடிய அயன்கள் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில், பொற்றாசியத்தை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். 2003இல் ரோஷ் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டி சில்வாவின் வடிவமைப்பைக் கையிலெடுத்து இவற்றுக்கு விடை கண்டார்கள். அந்திரசீனுக்குப் பதிலாக, நீல ஒளியைக் காட்டினால் பச்சையும் மஞ்சளும் கலந்து ஒளிரும் ஒரு சாயத்தைப் பொருத்தினார்கள். அதற்குச் சிறிய எல்ஈடி விளக்கே போதும். பொற்றாசியத்துக்கு வளையம் போதாதென்று, நாற்புறமும் அடைத்த ஒரு கூட்டை உருவாக்கினார்கள். மூலக்கூறுகளைக் கழுவப்பட்டுப் போகாதபடி நீர் ஊறும் மெல்லிய செலுலோசுப் படலத்தோடு பிணைத்து, அதன்மேல் கரிப்பொடி கலந்த இன்னொரு படலத்தைப் போர்த்தினார்கள். அயன்கள் அந்தக் கரிய படலத்தினூடே உள்ளே வரும். விளக்கின் ஒளி சிவப்பணுக்களிடம் போகாது. இப்படித்தான் ஒப்டி என்ற பெயரிலான குருதிப் பகுப்பாய்வுக் கருவிகளின் உணரிகள் உருவாயின. ஒரு முறை பாவித்து எறியும் சிறு பேழைக்குள் சில துளி இரத்தம் ஏறினால், சோடியமும் பொற்றாசியமும் கல்சியமும் திரையில் வந்துவிடும்.

இந்த உணரியும் நனோ விஞ்ஞானமே. நனோ என்றதும் தங்கத் துகள், வெள்ளித் துகள் என்றே நினைக்கிறோம். இங்கே வேலை செய்வது துகள்கூட அல்ல. ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் அளவான தனி மூலக்கூறு. ஒரு சிவப்பணுவின் விட்டமே ஏழாயிரம் நனோமீற்றருக்கு மேல். அவ்வளவு சிறிய ஒன்று, தனக்கு வேண்டிய அயனை அடையாளம் கண்டு, கண்டதை ஒளியாக வெளியே சொல்கிறது. மருத்துவத்துக்கான செயற்படு நனோ பொருளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டி சில்வா இதோடு நிற்கவில்லை. ஒரு மூலக்கூறில் இரண்டு பிடிகளை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1993இல் நிமல் குணரத்ன, கொலின் மக்கொய் ஆகியோருடன் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட மூலக்கூறு, ஐதரசன் அயனும் சோடியம் அயனும் இரண்டும் சேர்ந்து வந்தால் மாத்திரமே நன்றாக ஒளிர்ந்தது. ஒன்று மட்டும் வந்தால் மங்கல்தான். கணினியின் சில்லுக்குள் இருக்கும் தர்க்க வாயில் செய்யும் அதே காரியத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு செய்தது. மூலக்கூற்றுத் தர்க்கம் என்ற முழுத் துறையும் அந்தக் கட்டுரையிலிருந்தே கிளைத்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. 2009இல் துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் எங்கின் அக்காயாவும் சகாவும் இதே தர்க்கத்தைப் புற்றுநோயின் பக்கம் திருப்பினார்கள். ஒளியைப் பாய்ச்சினால் ஒட்சிசனை நச்சாக மாற்றிப் புற்றுக் கலங்களைக் கொல்லும் மருந்துகள் உண்டு. ஆனால் அவை அருகிலுள்ள நல்ல கலங்களையும் தாக்கும். அமிலமும் சோடியமும் இரண்டும் கூடிய இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்து மூலக்கூறொன்றை அவர்கள் செய்துகாட்டினார்கள். அத்தகைய சூழல் புற்றுக்கட்டிகளில் காணப்படுவது. இது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட கொள்கை. நாளைக்கே மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனாலும் நோயுள்ள இடத்தைத் தானே தீர்மானிக்கும் மருந்து என்ற வழி திறந்துவிட்டது.

இலங்கையிலும் வேலை நின்றுவிடவில்லை. 2008இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் தொடங்கப்பட்டது. 2017இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நில்வலா கொட்டேகொடவும் சகாக்களும், எலும்பில் உள்ள அதே கனிமத்தின் நனோ துகள்களில் யூரியாவை ஏற்றி, பயிருக்கு மெதுவாக விடும் பசளையொன்றை ஏசிஎஸ் நனோ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஆட்கள் இருக்கிறார்கள். குறைவது ஆய்வுகூடங்களுக்கான பணமும், அவர்களை இங்கேயே வைத்திருக்கும் ஏற்பாடும். ஒளிர்வை அளக்கும் கருவியொன்று பழுதானால் உதிரிப்பாகம் வரும்வரை ஒரு மாணவரின் ஆய்வு முடங்கிப்போகும் நிலை மாற வேண்டும். அது அரசாங்கத்தின் பொறுப்பு.

பெற்றோரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளிற் பலருக்கு, வீட்டில் காட்டப்படும் வாசல்கள் இரண்டுதான்: மருத்துவம், பொறியியல். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து விஞ்ஞான பீடம் கிடைத்தால் வீடு துக்க வீடாகிவிடுகிறது. பிள்ளையும் தோற்றுப்போனவராகவே வளாகத்துக்குள் நுழைகிறார். டொக்டர்கள் கையில் வைத்து உயிர் காக்கும் கருவியொன்றின் அடிப்படைக் கருத்து அதே விஞ்ஞான பீடத்திலிருந்துதான் வந்தது என்பதைத் தயவுசெய்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். முதல் வருட விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னர், ஆய்வுகூடத்தில் என்ன செய்தாய் என்று கேளுங்கள்.