தேனீ வளர்ப்பைத் தொழிலாகத் தொடங்கத் தகுதியுடையவர் யார்?

கன்னியாகுமரி ஜில்லாவில், மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1920-களிலிருந்து பெட்டிகளில் தேனீ வளர்த்து வருகிறார்கள். அங்கே தை முதல் பங்குனி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து துளிர்க்குங்கால், இளந்தளிர்களின் காம்பில் தேன் சுரக்கும். அப்போது பெட்டிகள் நிரம்புவதைக் கண்டோர், நிலத்தை ஈடு வைத்தேனும் ஐம்பது பெட்டிகள் வாங்கத் துணிவதுண்டு. ஆனால் ஆனி முதல் ஆவணி வரை மழையினால் தேனும் மகரந்தமும் அருகிவிடும். இப்பஞ்சகாலத்தில் கூட்டங்களைக் காப்பாற்றியவரே தொழிலுக்குத் தகுதியுடையவராவர்.

ஆகையால், புதியவர் முதல் வருஷத்தில் இரண்டு பெட்டிகள் மட்டும் வைப்பது உசிதம். ஒன்றில் ராணி ஈ இறந்துவிடின், மற்றதிலிருந்து முட்டையுள்ள அடையைக் கொடுத்துப் புது ராணியை உண்டாக்கலாம். வருஷ முடிவில் பின்வருவனவற்றை அவர் தமக்குத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

1. பழக்கம்: ராணியைக் காணாவிடினும், அறைகளில் முட்டையிருப்பதைக் கொண்டு அதன் நிலையை அறியக்கூடுமா? கூட்டம் பிரிந்து பறக்குமுன் ராணி அறைகளைக் கண்டுபிடிக்க முடிகிறதா?

2. பராமரிப்பு: பஞ்சகாலத்தில் மாலை வேளையில் சர்க்கரைப் பாகு கொடுத்து, எறும்பும் மெழுகுப் பூச்சியும் அணுகாமல் காத்தாரா? இவற்றில் தவறினால் இந்தியத் தேனீக்கள் கூட்டைவிட்டு ஓடிவிடும்.

3. கணக்கு: பெட்டியின் தேய்மானம், சர்க்கரை, தம் சொந்த உழைப்பின் கூலி ஆகியவற்றைச் செலவில் எழுதிய பின்னரும் லாபம் நிற்கிறதா? தம் கூலியை விட்டுவிட்டுக் காட்டும் லாபம் லாபமன்று.

4. விற்பனை: தேனை வாங்குவோர் இன்னாரென்று முன்னரே தெரியுமா?

5. நஷ்டம் தாங்கும் சக்தி: 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய், இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அத்தகைய நோய் மீண்டும் வந்து பெட்டிகள் அனைத்தும் காலியானாலும், குடும்பச் செலவும் கடன் தவணையும் வேறு வருமானத்தால் நடைபெறுமா?

இவற்றுள் முதல் மூன்றில் குறைவுடையவர் இன்னொரு வருஷம் இரண்டு பெட்டிகளுடன் பழகுவது நலம். நான்காவதில் குறைவுடையவர் பெட்டிகளைப் பெருக்குமுன் வியாபாரியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நாட வேண்டும். ஐந்தாவதில் குறைவுடையவர் கடன் வாங்காமல், தம் கூட்டங்களைப் பிரித்தே வருஷந்தோறும் சிறிது சிறிதாகப் பெருக்கலாம்.

கடன் சம்பந்தமாக யோசனை கேட்கப்படும் கிராம உத்தியோகஸ்தர்கள், மனுதாரரின் நிலப் பரப்பை மட்டும் பாராமல், ஒரு வருஷத்துக் கணக்குப் புத்தகத்தையும் கேட்டுப் பார்ப்பது நன்று. ஆடி மாதத்துச் செலவு அதில் எழுதப்பட்டிருப்பின், அவர் தொழிலை அறிந்தவரென்று கொள்ளலாம்.